செயப்பாட்டுவினையும் மறைந்து நிற்கும் வினைமுதலும்

மாரி காலத்தில் இரணைமடுக் குளத்தைப் பற்றி ஊரார் பேசும்போது இருவகை வாக்கியங்கள் வழங்கக் கேட்கலாம். ஒன்று, "குளம் வான் பாய்கிறது" என்பது. மற்றையது, "வான்கதவுகள் திறக்கப்பட்டன" என்பது. இரண்டும் ஒரே வெள்ளத்தைக் குறித்தல் கூடும். ஆயினும் முதலாவதைக் கேட்டவர் வானத்தை நோக்குவர், இரண்டாவதைக் கேட்டவர், "யார் திறந்தார்? எத்தனை மணிக்குத் திறந்தார்?" என வினவுவர். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது இவ்வினாவே எழுந்தது. கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா என்பது பின்னர் விசாரணைப் பொருளும் ஆயிற்று. "வான் பாய்ந்தது" என்னும் வாக்கியத்தின்மேல் எவரும் விசாரணை நடத்துதல் இயலாது. செய்பவனை வேண்டாத வினையிடம் "யார்?" என்று கேட்டால் அது விடை தருவதில்லை.

பாடசாலை வகுப்பிற் செயப்பாட்டுவினை பெரும்பாலும் ஒரு திருப்புதற் பயிற்சியாகவே கற்பிக்கப்படுகின்றது. செய்வினை வாக்கியமொன்றைக் கொடுத்து, செயப்பாட்டு வாக்கியமாக மாற்றுக என்பது வினாத்தாளின் வழக்கம். ஆங்கிலப் பாடத்திலும் இதுவே நடைமுறை. எழுவாயையும் செயப்படுபொருளையும் இடமாற்றி, "ஆல்" உருபைச் சேர்த்து, வினையிற் "படு" என்பதை ஒட்டிவிட்டாற் புள்ளி கிடைத்துவிடும். இரு வாக்கியமும் ஒரே பொருளன என்ற எண்ணத்துடனேயே மாணவர் வகுப்பை விட்டு எழுகின்றனர். ஒரே பொருளனவாயின் மொழியானது இரண்டையும் ஏன் பேணி வருகின்றது என்ற ஐயம் அவருக்குத் தோன்றுவதில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பில் அவ்வையம் தோன்றாமற் போதல் வியப்புக்குரியது. கடந்த சில பத்தாண்டுகளில் இந்நிலத்தில் வழங்கிய மிகப் பாரமான சொற்கள் சிலவற்றின் பொருள் இந்த இலக்கணத்தையே பற்றி நிற்கின்றது.

ஒவ்வொரு வினையும் தன் பொருளை நிரப்புதற்குச் சில பெயர்களை வேண்டி நிற்கும். "கொடுத்தார்" என்றவுடன் யார், எதை, யாருக்கு என மூன்று வினாக்கள் எழுகின்றன. "உறங்கினார்" என்றாலோ யார் என்ற ஒன்றே அமையும். ஒரு சொல் மற்றொன்றை இவ்வாறு வேண்டி நிற்றலை நம் நூலார் அவாய்நிலை என்றனர். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நிகழ்தற்கு வேண்டுவன எட்டு என எண்ணினார். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலிலே செய்பவன், செய்பொருள், செயல், கருவி, இடம், காலம் என ஆறாகக் கொண்டார். வினை அவாவும் பெயர்கள் எத்தனை, அவை எவ்வேற்றுமை பெற்று நிற்கும் என்று மேனாட்டு மொழியியலார் இருபதாம் நூற்றாண்டில் விரித்து ஆராய்ந்த பொருள் தமிழ் கற்றார்க்கு முற்றும் புதியதன்று என்க.

செயப்பாட்டுவினை இவ்வவாய்நிலையை என்ன செய்கின்றது? எளிய வாக்கியமொன்றை எடுத்துக்கொள்ளலாம். "கிராம அலுவலர் குடும்பத்தாருக்கு உலர் உணவுப் பொதியைக் கொடுத்தார்." இது "உலர் உணவுப் பொதி குடும்பத்தாருக்குக் கொடுக்கப்பட்டது" என மாறும்போது மூன்று பெயர்களுக்கும் மூன்று வகையான கதி நேர்கின்றது. பொதி இரண்டாம் வேற்றுமையை இழந்து எழுவாயாகின்றது. வினைமுற்றும் அதனோடு இயைந்து அஃறிணை ஒருமை ஈறு பெறுகின்றது. குடும்பத்தார் நான்காம் வேற்றுமையில் இருந்தபடியே இருக்கின்றனர். கிராம அலுவலரோ எழுவாய் என்னும் இருக்கையை விட்டிறங்கி, விரும்பினால் "கிராம அலுவலரால்" என மூன்றாம் வேற்றுமையில் வரலாம், வாராமலும் விடலாம். இதனை நோம் சொம்ஸ்கி 1957இல் வெளியிட்ட நூலில் ஒரு வாக்கியத்தை மற்றொன்றாக மாற்றும் விதியாக வகுத்தார். அவர் வழிவந்தோர் 1980களில் வேறொரு விளக்கம் தந்தனர். வினையோடு சேரும் செயப்பாட்டு உருபு, எழுவாயிடத்திற்குரிய செய்பவன் பங்கை அவ்விடத்திலிருந்து அகற்றுகின்றது. இரண்டாம் வேற்றுமை தரும் ஆற்றலையும் வினையிடமிருந்து பறிக்கின்றது. வேற்றுமை இழந்த செயப்படுபொருள் வெறுமையான எழுவாயிடத்தை நாடிச் செல்கின்றது என்பது அவர் கொள்கை. நூற்பாவாக வகுக்கப்படாவிடினும் தமிழாசிரியர் வாய்மொழியாகச் சொல்லிவந்ததும் ஏறக்குறைய இதுவே.

ஆங்கிலமும் தமிழும் இவ்விடத்தில் முழுதும் ஒத்துச் செல்வதில்லை. ஆங்கிலத்தில் "ஐ வோஸ் கிவன் எ புக்" எனலாம். அதனை அப்படியே "நான் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டேன்" என எழுதும் மாணவனைச் சிவப்பு மையால் திருத்தவேண்டியிருக்கின்றது. கொள்வோனை எழுவாயாக்க ஆங்கிலம் இடந்தரும்; தமிழ் நான்காம் வேற்றுமையை அசையவிடாது. அவ்வாறே ஆங்கிலத்தார் ஒருவரைப் பார்த்துப் பிறர் சிரித்ததையும் செயப்பாட்டிற் கூறுவர். "அவன் சிரிக்கப்பட்டான்" என்பது தமிழன்று. இவற்றாலெல்லாம் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலே திராவிட மொழிகளுக்கு உண்மையான செயப்பாட்டுவினை இல்லையென்றே கூறிவிட்டார். "படு" என்பது துணைவினையே. அதன் முதற்பொருள் உறுதல், அனுபவித்தல் என்பன. இது மெய்யே. "கவலைப்பட்டார்", "கஷ்டப்பட்டார்" என்பவற்றில் "படு" இருந்தும் அவை செயப்பாட்டு ஆகா. கவலையை அவர்மேல் ஏற்றிய வேறொருவரை அவ்வினை அவாவுவதில்லை. ஆயினும் "படு" செயப்பாட்டுப் பொருளில் வருதலை ஆறுமுக நாவலர் இலக்கணச் சுருக்கத்திற் செய்வினையோடு ஒருங்கு வைத்து விளக்கியிருத்தலின், அது நம் மொழிக்கு அந்நியமென ஒதுக்குதல் பொருந்தாது. ஆங்கிலப் பழக்கத்தாற் பத்திரிகைகளில் அது மிகுந்துவிட்டது என்ற குற்றச்சாட்டிற் சிறிது உண்மை உண்டு, அவ்வளவே.

தமிழின் சொந்த வளம் வேறோரிடத்தில் இருக்கின்றது. செயப்படுபொருளையே வினைமுதல் போல வைத்துச் செய்வினை வாய்பாட்டாற் கூறுதலும் மரபே எனத் தொல்காப்பியம் அன்றே உடன்பட்டது. திண்ணையை மெழுகியவர் ஒருவர் இருக்கத் திண்ணை தானே மெழுகினாற்போலச் சொல்லும் வழக்கு அது. இன்றைய பேச்சில் "நெல் விற்றாயிற்று", "வயல் உழுதாயிற்று" என்பனவும் செய்தவரைச் சுட்டாது முடிகின்றன. இதனினும் பெரிய வளம், ஒரே அடியிலிருந்து இரட்டை வினைகள் பிறப்பது. உருள், உருட்டு, திரும்பு, திருப்பு, உடைந்தது, உடைத்தது, எரிந்தது, எரித்தது, அழிந்தது, அழித்தது. பேராசிரியர் கு. பரமசிவம் இவற்றை இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்தார். மெல்லின எழுத்து வல்லினமாக மாறும் அளவில் வாக்கியத்துள் ஓர் ஆள் நுழைந்துவிடுகின்றான்.

ஆகவே தமிழன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல மூன்று படிகள் உண்டு. வீடு எரிந்தது. வீட்டை எரித்தனர். வீடு எரிக்கப்பட்டது. முதலாவதிலும் மூன்றாவதிலும் எழுவாய் ஒன்றே. இரண்டிலும் செய்தவர் பெயர் இல்லை. மேலோட்டமாக நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆயினும் "சாட்சியத்தை மறைப்பதற்காக வீடு எரிக்கப்பட்டது" என்பது செவ்விய வாக்கியம். "சாட்சியத்தை மறைப்பதற்காக வீடு எரிந்தது" என்பது நகைப்புக்கிடமானது. வீட்டுக்கு நோக்கம் ஏது? நோக்கம் உடையவர் ஒருவர் மூன்றாம் வாக்கியத்துள் பெயரின்றி இருக்கின்றார். முதலாவதில் அவர் இல்லவேயில்லை. "வேண்டுமென்றே" என்ற சொல்லைச் சேர்த்துப் பார்த்தாலும் இவ்வேறுபாடு வெளிப்படும். ஆங்கிலத்திலும் இச்சோதனை இதே விடையைத் தருகின்றது. செயப்பாட்டுவினை செய்பவனை மறைக்குமே அன்றி அழிப்பதில்லை. இயங்குவினையில் மறைப்பதற்கும் ஒருவன் இல்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்கு நேர்ந்ததைப் பற்றித் தமிழர் பேசும்போது "நூலகம் எரிந்தது" எனச் சொல்லி நிறுத்துவாரைக் காண்டல் அரிது. "எரிக்கப்பட்டது" என்ற சொல்லையே வாய் நாடுகின்றது. இலக்கணம் கல்லாதாரும் இவ்விலக்கணத்தை அறிவர்.

இனி, இக்கட்டுரைக்கு உயிரான சொல்லுக்கு வரலாம். "காணாமற் போனோர்" என்பது தமிழில் நெடுநாளாக உள்ள தொடர். சந்தையிற் பிள்ளை காணாமற் போகும். மேய்ச்சலுக்குச் சென்ற மாடு காணாமற் போகும். "போ" என்னும் வினை போனவனை மாத்திரமே அவாவும். போகச் செய்தவனை அது கேட்பதில்லை. 2013இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவும் தமிழில் "காணாமற் போனோர்" என்ற பெயருடனேயே வழங்கியது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். சிங்களத்தில் அவ்வலுவலகத்தின் பெயரில் உள்ள "அதுருதஹன் வூ" என்பதும் மறைந்துபோன என்னும் தன்வினைப் பொருளதே. "அதுருதஹன் கரன லத", அதாவது மறையச் செய்யப்பட்ட, எனச் சொல்லும் வாய்ப்பு அம்மொழிக்கும் உண்டு. ஆங்கிலப் பெயரும் அப்படியே. "மிஸ்ஸிங்" என்பது செயப்பாட்டு எச்சமன்று.

2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே தாய்மார் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவ்வாறே பந்தல்கள் எழுந்தன. ஆண்டுக்கணக்கில் நீண்ட அப்போராட்டத்திற் கைப்படங்களோடு தூக்கப்பட்ட பதாகைகளில் இருந்த சொல் வேறு: "காணாமல் ஆக்கப்பட்டோர்"; இன்னும் விரிவாக, "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்". அரச பத்திரத்திலுள்ள சொல்லுக்கும் பந்தலிலுள்ள சொல்லுக்கும் இடையே ஒரு முழு இலக்கண அதிகாரம் கிடக்கின்றது.

இச்சொல் பிறந்த முறையை நோக்குக. முதற்படியிற் "காணாமற் போ" என்பது "காணாமல் ஆக்கு" என இயக்குவினையாயிற்று. அவாய்நிலையில் ஓர் இடம் புதிதாகத் திறந்தது, போனவன் செயப்படுபொருளானான், ஆக்கியவன் எழுவாயானான். இரண்டாம் படியிற் "படு" வந்து சேர்ந்தது. ஆக்கியவன் எழுவாயிடத்தினின்று இறங்கினான். போனவன் மீண்டும் எழுவாயானான். கூட்டிக் கழித்துப் பார்த்தாற் பழைய வாக்கியத்திற்கே திரும்பி வந்தாற்போலத் தோன்றும். திரும்பவில்லை. செய்பவனுக்கென ஓர் இடம் வினையின் பொருளுக்குள் வெட்டப்பட்டு, பெயர் எழுதப்படாமற் கிடக்கின்றது. முதலில் வாசலே இல்லாத சுவர் இருந்தது. இப்போது பூட்டிய வாசல் இருக்கின்றது. "யாரால்?" என்ற வினாவை முதற்சொல் ஏற்காது, இரண்டாவது சொல் அதனைக் கேட்டுக்கொண்டே நிற்கின்றது.

"வலிந்து" என்ற அடையும் இதற்குச் சான்று. வலிந்து என்பது வற்புறுத்தும் ஒருவனது செயலைத் தழுவும் வினையெச்சம். "வலிந்து காணாமற் போனார்" என எழுதிப் பார்த்தால் அவர் தாமாகவே விரும்பி மறைந்தார் எனப் பொருள் தலைகீழாகிவிடும். "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டார்" என்பதில் வற்புறுத்தியவர் எழுவாய் அல்லர். பெயர் சொல்லப்படாத அந்த மூன்றாம் வேற்றுமைக்காரர். எச்சம் தழுவுவதற்கு ஒருவர் அங்கே இருந்தாலன்றி இத்தொடர் பொருள் தராது. இலக்கணச் சோதனைக்கு இதனினும் சிறந்த உதாரணத்தை ஓர் ஆசிரியர் தேடிக் காணுதல் அரிது.

பிற மொழிகளும் இவ்வழியே சென்றன. ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்த காலத்தில் மறைக்கப்பட்டோரைத் தேடி 1977இல் அன்னையர் தலைநகரின் மே சதுக்கத்தில் நடக்கத் தொடங்கினர். அவர்களால் ஸ்பானிய மொழியின் "டெசபரெசிடோஸ்" என்ற சொல் உலகெங்கும் பரவியது. ஆங்கிலத்தில் "டிஸ்அப்பியர்" என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. இலக்கணப்படி அதற்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை. ஜோசப் ஹெலர் 1961இல் வெளியிட்ட கேட்ச்-22 என்னும் நாவலிலே ஒரு தாதி, படையினன் ஒருவனை மேலிடத்தார் மறைக்கப் போகின்றனர் எனச் சொல்லும்போது இவ்வினையைச் செயப்படுபொருளோடு ஆளுகின்றாள். கேட்ட கதைத்தலைவன் அது நல்ல இலக்கணங்கூட அன்றே என்கின்றான். நகைச்சுவையாக எழுதப்பட்ட அப்பிழை பின்னர் மனித உரிமை எழுத்துக்களிற் சாதாரண வழக்காகிவிட்டது. ஆங்கிலேயர் தம் இலக்கணத்தை உடைத்தே பெறவேண்டியிருந்த சொல்லைத் தமிழர் "ஆக்கு" என்ற ஒரு வினையாலும் "படு" என்ற ஒரு துணையாலும் இலக்கணம் வழுவாமற் பெற்றனர்.

சட்டமும் இவ்விடத்திற்கு வந்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஏற்றுக்கொண்ட சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தி, 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாகவும் இயற்றிற்று. அச்சமவாயத்தின் வரைவிலக்கணத்திலே செய்பவர் வெளிப்படையாகவே குறிக்கப்பட்டுள்ளனர்: அரசின் முகவர், அல்லது அரசின் அதிகாரத்தோடோ ஆதரவோடோ இணக்கத்தோடோ செயற்படுவோர். ஒருவரின் சுதந்திரத்தைப் பறித்தலோடு, பறித்ததை ஒப்புக்கொள்ள மறுத்தல் அல்லது அவர் கதியை மறைத்தல் என்பதும் அச்செயலின் கூறாகும். அரசைச் சாராதார் செய்தவற்றையும் விசாரித்தல் அரசின் கடனெனப் பிறிதோர் உறுப்புரை கூறுகின்றது.

இங்கே ஒன்று நடுநிலையோடு சொல்லப்படவேண்டும். "காணாமற் போனோர்" என்ற சொல் எவ்விடத்தும் பொய்யன்று. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் எறிகணை வீச்சினிடையே கூட்டத்திற் கைவிட்டுப் பிரிந்தவர் உளர். அவருக்கு நேர்ந்தது யாதென எவரும் அறியார். போர்க்களத்திற் காணாமற் போன படையினரும், 1987 முதல் 1989 வரை தென்னிலங்கையில் நிகழ்ந்த கிளர்ச்சிக் காலத்தவரும் அலுவலகச் சட்டத்தின் விரிந்த வரைவிலக்கணத்துள் அடங்குவர். அனைவரையும் தழுவ வேண்டிய பெயருக்குப் பொதுச்சொல் வேண்டியதாயிற்று எனலாம். ஆனால், பலர் பார்த்திருக்கப் பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்ட ஒருவரைப் "போனார்" எனப் பதிதல் பொதுமையாகாது. அது வினையை மாற்றி எழுதுதலாகும்.

"ஆல்" உருபிலும் ஒரு சிக்கல் உண்டு. செயப்பாட்டு வாக்கியத்தில் "ஆல்" வந்துவிட்டாற் செய்தவர் வெளிப்பட்டுவிட்டார் என எண்ணுதல் தவறு. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப் பொருளும் கருத்தாப் பொருளும் உண்டென்பது நன்னூல் கற்றார் யாவரும் அறிந்ததே. "எறிகணையாற் கொல்லப்பட்டார்" என்பதில் எறிகணை கருவி. ஏவியவர் இன்னமும் திரைக்குப் பின்னேயே நிற்கின்றார். "போரினாற் பாதிக்கப்பட்டோர்" என்பதிற் போர் கருவியுமன்று, கருத்தாவுமன்று, ஏதுவே. புயலால் வீடிடிந்தது என்பதைப் போன்றது அது. "இனந்தெரியாதோராற் சுட்டுக்கொல்லப்பட்டார்" என நம் பத்திரிகைகள் பல்லாண்டு எழுதிவந்தன. அவ்வாக்கியத்திற் கருத்தாவுக்குரிய இடம் நிரப்பப்பட்டுள்ளது, ஆனால் வெறுமையால் நிரப்பப்பட்டுள்ளது. அஞ்சிய காலத்துக்குரிய இலக்கணம் அது; எழுதியவரைக் குறைகூறுதற்கில்லை.

கருத்தாவையும் நம் நூலார் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகையாக்கினர். "அரசனாற் குளம் கட்டப்பட்டது" என்றால் அரசன் மண் சுமந்தான் என்பது பொருளன்று; "கூலியாட்களாற் குளம் கட்டப்பட்டது" என்பதும் அக்குளத்தைப் பற்றியே உண்மையாகும். வகுப்பறையில் இது வெறும் உரையாசிரியர் நுட்பமாகத் தோன்றலாம். கட்டளையிட்டவர் பொறுப்பு எது, கையாற் செய்தவர் பொறுப்பு எது எனச் சர்வதேசச் சட்டத்தார் இன்று பிரித்தாயும் வினாவும் இதுவேயாம். "யாரால்?" என்ற ஒற்றை வினாவுக்குத் தமிழிலக்கணம் இரண்டு விடைகளை எதிர்பார்க்கின்றது.

இடப்பெயர்வைக் குறிக்கும் சொற்களிலும் இதே நிலை. ஆங்கிலத்தில் "டிஸ்பிளேஸ்ட்" என்பது செயப்பாட்டு எச்சம். யாரோ இடத்தை விட்டு அகற்றியுள்ளனர் என்ற குறிப்பு அதன் வடிவிலேயே உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனை "இடம்பெயர்ந்தோர்" என்றனர். பெயர்ந்தது இயங்குவினை, பெயர்த்தது இயக்குவினை. ஆகவே சரியான நிகர் "இடம்பெயர்க்கப்பட்டோர்" என்பதாகும். அச்சொல் நாவுக்கு வழங்காமற் போயிற்று. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு வந்தவரும், 2008 முதல் கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி ஊர் ஊராக நகர்ந்து முள்ளிவாய்க்காலில் முடிந்தவரும் "இடம்பெயர்ந்தனர்" என்றே பதியப்பட்டனர், பறவைகள் பெயர்வது போல.

இவ்வளவுகோலை ஒரு பக்கத்திற்கு மாத்திரம் பிடித்தல் நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, மன்னார், யாழ்ப்பாணம் முதலிய வட மாவட்டங்களின் முஸ்லிம் மக்கள் "வெளியேறினர்" எனத் தமிழ் எழுத்துக்களிற் காணப்படும் இடங்கள் உண்டு. அவர்கள் வெளியேறவில்லை, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறு, ஏற்று என்னும் ஓரெழுத்து வேறுபாடு அங்கும் உண்மையைத் தாங்கி நிற்கின்றது. போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியிற் பிள்ளைகள் இயக்கத்திற் "சேர்ந்தனர்" என்பதும் "சேர்க்கப்பட்டனர்" என்பதும் ஒன்றல்ல. இரண்டும் நிகழ்ந்தன, எந்த வீட்டில் எது நிகழ்ந்தது என்பதை அவ்வீட்டார் அறிவர்.

2009 மே மாதத்தில் வட்டுவாகலில் நிகழ்ந்ததைக் கூறும் வினை இன்னும் நுட்பமானது. "சரணடைந்தார்" என்பதில் வினைமுதல் போனவர் தாமே. "கையளிக்கப்பட்டார்" என்பதில் மறைந்து நிற்கும் வினைமுதல் யார்? தாய், மனைவி, தந்தை. தம் கையாற் படையினரிடம் ஒப்படைத்த உறவினரே அவ்வாக்கியத்தின் கருத்தா. படையினர் கொள்வோர், நான்காம் வேற்றுமைக்குரியவர். வவுனியா மேல் நீதிமன்றத்துக்குச் சென்ற ஆட்கொணர்வு மனுக்களுக்கு அடிப்படையாய் அமைந்தது இவ்வவாய்நிலையே. ஒப்படைத்தவர் உயிரோடிருந்து சாட்சி சொல்கின்றார். ஒப்படைக்கப்பட்டவர் எங்கே என்பது பெற்றுக்கொண்டவரை நோக்கிய வினா. செயப்பாட்டாக்கத்தில் நான்காம் வேற்றுமை அசையாது நிற்கும் என முன்னர்க் கூறியது இங்கு நினைவுகூரத்தக்கது.

அசையாத மற்றொன்று இடம். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது அங்கு எஞ்சியிருந்தோருட் பலர் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவைச் சேர்ந்தவர். அவர்களது காணிகள் இராணுவத்தின் வசம் இருந்தமையால் அயலிலுள்ள சீனியாமோட்டையிலே கொண்டுபோய் விடப்பட்டனர். "மக்கள் மீளக்குடியேறினர்" என எழுதினால் அது தன்வினை. அவர் விருப்பத்தாற் சென்றதாகும். "மீளக்குடியேற்றப்பட்டனர்" எனத் திருத்தினால் ஏற்றியவர் ஒருவர் உளர் என்பது விளங்கும். ஆயினும் வாக்கியம் இன்னும் நேராகவில்லை. "மீள" என்ற சொல் முன்பு குடியிருந்த நிலத்தை அவாவுகின்றது. செயப்பாட்டு உருபு வினைமுதலையும் செயப்படுபொருளையும் இடமாற்றுமே ஒழிய நிலத்தைத் தொடுவதில்லை. "சீனியாமோட்டையில்" என்பதை எழுதினால் "மீள" நிற்கமாட்டாது. "மீள" நிற்க வேண்டுமாயின் "கேப்பாப்புலவில்" என்றே எழுதவேண்டும். 2017இல் அம்மக்கள் முகாம் வாசலிற் போராட்டம் தொடங்கியபின் காணிகளின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. அந்நிலத்திற் கால் வைத்த குடும்பங்களைப் பற்றியே "மீளக்குடியேறினர்" எனத் தன்வினையாற் கூறுதல் பொருந்தும்.